ஒரு மீட்டருக்குக் கீழே

சின்ன டீச்சரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆள் ஒன்றும் சின்னவள் அல்ல. வாசல் நிலையில் தலை தட்டும் உயரம். அவளிடம் வருகிற பிள்ளைகள் சின்னவர்கள், அதனால் டீச்சரும் சின்ன டீச்சர், சம்பளமும் சின்னச் சம்பளம். இதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதாகத் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. கூடப்பிறந்த அக்கா நாலு தெரு தள்ளிப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு நடத்துகிறாள். அவள் சொந்த வீடு கட்டி, மாடியும் எடுத்து, மாடிக்கு ஒரு குடித்தனத்தையும் வைத்துவிட்டாள். தங்கையோ, மழை வந்தால் எந்த மூலையில் எந்தப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"உனக்கென்னடி, பிள்ளைங்களோட விளையாடிட்டு வர்றே. பாடம் நடத்தித் தொண்டை கட்டுறது எனக்குத்தான்." இது அக்கா வாரம் ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போகும் ஆறுதல்.

விளையாட்டுத்தான். மூன்று வயதில் அழுதுகொண்டும் கடித்துக்கொண்டும் வருகிறவர்களை வாங்கிக்கொண்டு, ஐந்து வயதில் கேள்வி கேட்டுக்கொண்டும் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டும் போகிறவர்களாகத் திருப்பிக் கொடுக்கிற விளையாட்டு. பதினோரு வருஷமாக ஆடுகிறாள். உதவிக்கு ஓர் ஆயா. அந்த ஆயாவின் வாய்க்குப் பயந்து வகுப்பறைக் கதவுகூட ஒழுங்காகச் சாத்திக்கொள்ளும்.

இந்த நிலைமையில்தான் தெருமுனையில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டின் மேனேஜர் அவளைப் பார்த்தார். பார்த்தார் என்றால் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபத்தாறு பிள்ளைகளை ஒரே கயிற்றைப் பிடிக்கவைத்து, ஒரு ஹாரன் ஒலிக்காமல் அவள் சாலையைக் கடந்ததைக் கடை வாசலில் நின்று பார்த்தார். பில் போடும் இடத்தில் தினம் அடிதடியாக இருந்த மனிதருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மறுநாள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்: பில் கவுண்டருக்கு வரட்டும், இப்போது வாங்குவதைப் போல் இரண்டு மடங்கு, மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

புருஷன் வண்டி மெக்கானிக். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "போயேன். அங்க யாரும் உன் மேல வாந்தி எடுக்கமாட்டாங்க."

"ஒன்பது பேரை இந்த வருஷம் பெரிய ஸ்கூலுக்கு அனுப்பணும்."

"அதை எவனாவது பாத்துக்குவான்."

"எவன்?"

மெக்கானிக் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தான். பக்கத்துப் பேட்டையில் ஒரு சின்ன டீச்சர் தையல் கம்பெனிக்குப் போனாள். அவள் போன அன்று பூட்டிய வகுப்பில் இப்போது சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அவளிடம் இருந்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், தெருவில் இருக்கிறார்கள், வண்டி வந்தால் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

"கடைசியா ஒரு தடவை சம்பள வாரியத்துல கேட்டுப் பாத்துடறேன்" என்றாள். "என்னையும் டீச்சர்னு எழுதினா இருக்கேன். இல்லன்னா சனிக்கிழமை கடைக்காரர்கிட்ட சரின்னு சொல்லிடறேன்."

கல்வி ஊதிய நிர்ணய வாரியம் ஏழு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. லிஃப்ட் உண்டு, அதில் ஏறுவதற்கு மனு செய்ய வேண்டும், மனுவை ஏழாவது மாடியில் வாங்குகிறார்கள். நல்லவேளையாக அவளுக்கு வேண்டிய நாலாம் கவுண்டர் கீழ்த்தளத்திலேயே இருந்தது. அங்கே இருந்தவர் பொறுமைசாலி. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டார்:

"உங்க பிள்ளைங்க உயரம் என்ன?"

"உயரமா? நான் சம்பளத்தைப் பத்திக் கேக்க வந்தேன்."

"நானும் அதைத்தாம்மா கேக்கறேன்."

மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஓர் அட்டவணையை உருவி அவள் பக்கம் திருப்பினார். மாணவரின் சராசரி உயரம் ஒரு பக்கம், ஆசிரியரின் சம்பளம் மறுபக்கம். உச்சியில் ஒன்றே முக்கால் மீட்டர், பேராசிரியர்கள். அங்கிருந்து படிப்படியாக இறங்கி, ஒரு மீட்டரில் அவளுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். அதற்குக் கீழே தடிமனாக ஒரு கோடு.

"இதுல தர்க்கம் இருக்கு. உயரமான மாணவனுக்குப் பாடம் நடத்தறவர் அண்ணாந்து பாக்கணும். கழுத்து வலிக்கும். அதுக்குத்தான் சம்பளம். நீங்க குனிஞ்சு பாக்கறீங்க. குனியறது ஓய்வு நிலை."

"எனக்கு இடுப்பு வலிக்குதுங்க."

"இடுப்பு அட்டவணையில இல்லம்மா."

"இந்தக் கோட்டுக்குக் கீழ என்ன இருக்கு?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அச்சகத்தோட விலாசம்."

"அப்ப நான் யாரு?"

"காப்பாளர். குழந்தை விழாம பாத்துக்கறவங்க. விழுந்தா உங்க பொறுப்பு. விழலன்னா இயற்கை."

"ஆயா?"

"அவங்க சாமான் பட்டியல்ல வந்துடறாங்க. வாளிக்கு அப்புறம், துடைப்பத்துக்கு முன்னாடி. அவங்களுக்குக் கவலையே இல்ல, வருஷா வருஷம் கணக்கெடுக்கறோம்."

ஆனாலும் நல்ல மனிதர். வழி ஒன்றும் சொன்னார்: வகுப்பின் சராசரி உயரம் ஒரு மீட்டர் இருப்பதாக நிரூபித்தால் கோட்டுக்கு மேலே ஏறிவிடலாம். அளவீட்டு அதிகாரி நேரில் வந்து அளப்பார்.

அதிகாரி வருகிற அன்று ஆயா இருபத்தாறு தலைகளுக்கும் உச்சியில் கொண்டை போட்டு நிறுத்தியிருந்தாள். மொட்டைத் தலையன் ஒருவனுக்குத் தொப்பி.

"முடி கணக்குல சேராது" என்றார் அதிகாரி, வாசலிலேயே.

"சேத்தா என்ன குறைஞ்சிடும்? உங்களுக்கு இல்லங்கறதுக்காகப் பிள்ளைங்க முடி மேல வயித்தெரிச்சலா?" என்றாள் ஆயா. அதிகாரி இதைக் குறித்துக்கொண்டார். சாமான் பட்டியலில் உள்ள ஒரு பொருள் பேசியதாக எழுத எந்தக் கட்டமும் இல்லாததால் பிறகு அடித்துவிட்டார்.

இரும்புக் கோல் ஒன்றும், அதைத் தூக்க ஓர் உதவியாளரும், உதவியாளரைக் கண்காணிக்க இன்னோர் உதவியாளரும் அவருடன் வந்திருந்தார்கள். கோலைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"அனைவரும் உயர வரிசைப்படி நிமிர்ந்து நிற்கவும்."

ஒருவன் படுத்துக்கொண்டான். அதைப் பார்த்து நாலு பேர் படுத்தார்கள். இரண்டு பேர் கோலில் ஏறப் பார்த்தார்கள். வகுப்பில் எல்லாரும் 'ஏன் பாப்பா' என்று கூப்பிடுகிற ஒருத்தி அதிகாரியின் காலடியில் வந்து நின்றாள்.

"ஏன்?"

"அளக்கணும்."

"ஏன்?"

"உங்க டீச்சருக்குச் சம்பளம் போட."

"அப்ப ஏன் என்னை அளக்கறீங்க?"

இந்தக் கேள்வியை வாரியத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு கமிட்டியாவது போட்டிருப்பார்கள். அதிகாரி அவளை விட்டுவிட்டு, கைக்கு எட்டிய ஒரு பையனின் தோளைப் பிடித்துச் சுவரோரம் தள்ளினார். பிடித்த பையனுக்கு வகுப்பில் கடிச்சான் என்று பெயர். ஆயா மருந்துப் பெட்டியை எடுத்தாள். சேர்ந்த முதல் மாதத்தில் அவன் பதினேழு பேரைப் பதம் பார்த்தவன். அதில் ஆயா மூன்று தடவை.

கடிச்சான் அதிகாரியின் மணிக்கட்டைப் பார்த்தான். வாயைத் திறந்தான். திறந்த வாயால், "எனக்குக் கோவமா வருது. கைய எடுங்க" என்றான். கை எடுக்கப்பட்டதும் நேரே போய் மூலையில் இருந்த பாயில் உட்கார்ந்து, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை எண்ண ஆரம்பித்தான். மூன்றுக்கு அப்புறம் ஏழு என்றான், அது போகட்டும்.

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா அழறீங்க? நான் ஒண்ணும் பண்ணலையே."

"அவன் கடிக்கல சார். வாயால சொல்லிட்டான். ஏழு மாசம் ஆச்சு இதுக்கு. தயவு செஞ்சு எழுதிக்குங்க."

அதிகாரி படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "நடக்காத நிகழ்ச்சிக்குக் கட்டம் இல்லம்மா. கடிச்சிருந்தா விபத்துப் பிரிவுல எழுதியிருப்பேன். கடிக்காததை எங்க எழுதறது?"

முக்கால் மணி நேரம் கழிந்தும் ஒரு பிள்ளையும் அளக்கப்படவில்லை. ஓர் உதவியாளர் மேஜைக்கு அடியிலும் மற்றவர் அவரைத் தேடிக்கொண்டும் இருந்தார்கள். கடைசியில் டீச்சர் எழுந்தாள். "கூ" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். "ரயில் வந்தாச்சு. சுவரோரம்தான் ஸ்டேஷன். முன்னாடி நிக்கறவங்க தோள்ல கை. யாரு எஞ்சின்?"

ஒரு நிமிஷம் ஆகவில்லை. இருபத்தாறு பேரும் சுவரோரம், வரிசையாக, முதுகு நிமிர்ந்து. கடிச்சான்தான் எஞ்சின். அதிகாரி தம் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு படிவத்தில் இப்படி எழுதினார்: "குழந்தைகள் தாமாகவே வரிசையில் நின்றனர். காப்பாளர் அச்சமயம் ரயில் போல் ஒலியெழுப்பிப் பொழுதுபோக்கிக்கொண்டிருந்தார்."

அளந்து கூட்டி வகுத்ததில் சராசரி ஒரு மீட்டரும் ஒன்றரைச் சென்டிமீட்டரும் வந்தது. ஆயா கை தட்டினாள். அதிகாரி கையை உயர்த்தினார்.

"இதுல இந்த ஒன்பது பேர் அடுத்த மாசம் பெரிய ஸ்கூலுக்குப் போறவங்க. போறவங்களை உங்க கணக்குல வைக்க முடியாது. அவங்க உயரம் ஒண்ணாம் வகுப்புக்குச் சேர்ந்தது."

ஒன்பது பேரைத் தள்ளிக் கணக்குப் போட்டால் தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர்.

"வளர்ந்ததும் அனுப்பிட்டே இருந்தா எங்க சராசரி என்னைக்கு சார் ஏறும்?"

"ஏறாது" என்றார் அவர், பெருமையோடு. "உங்க வேலையோட அழகே அதுதான். நீங்க நல்லா செய்யச் செய்ய உங்ககிட்ட ஒண்ணும் மிஞ்சாது."

மேல்முறையீடு சனிக்கிழமை காலை, ஏழாவது மாடியில். படியேறிப் போய்ச் சேர்ந்தபோது டீச்சருக்கு மூச்சு வாங்கியது. உள்ளே உயரமான மேடையில் ஐந்து பேர். நடுவில் வாரியத் தலைவர். அவர் இன்னும் உயரமான நாற்காலியில் இருந்தார். அவளுக்கு நாற்காலி போடவில்லை. காப்பாளர்களுக்கு நாற்காலி எந்தப் பிரிவில் வரும் என்று தெரியவில்லையாம்.

தலைவர் பேசினார். பேசுவதற்கு அவருக்கு விஷயம் தேவைப்படாது என்பார்கள். அன்று விஷயமும் இருந்தது.

"வாழ்வின் முதல் ஐந்து ஆண்டுகளே மனிதனின் அஸ்திவாரம். மூளையின் பெரும் பகுதி அப்போதே உருவாகிவிடுகிறது என்று எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் அதை வாசித்திருக்கிறேன், மூன்று மாநாடுகளில். ஆகவே சின்ன டீச்சர்களுக்கு இந்த வாரியம் தலை வணங்குகிறது. தலை வணங்குவதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஆனால் அம்மா, யோசித்துப் பாருங்கள். அஸ்திவாரத்துக்கு யாராவது வர்ணம் அடிப்பார்களா? ஜன்னல் வைப்பார்களா? மண்ணுக்குள் கிடப்பதுதான் அதற்குப் பெருமை. அதைத் தோண்டி வெளியே எடுத்து, இந்தா சம்பளம் என்று கொடுத்தால் மேலே உட்கார்ந்திருப்பவர்களின் கதி என்ன? மேலும் இது அன்பினால் செய்கிற வேலை. அன்புக்குச் சம்பளம் கொடுத்தால் அன்பு கெட்டுப்போகும். நான் என் வேலையை அன்பினால் செய்வதில்லை. அதனால்தான் எனக்குத் தயங்காமல் கொடுக்கிறார்கள்."

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். ஒருவர் தட்டிய சத்தத்தில் இன்னொருவர் விழித்துக்கொண்டார்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் டீச்சர். "உங்களுக்கு எதோட உயரத்தை வச்சு சம்பளம்?"

"கோப்புகளின் உயரம்" என்றார் தலைவர். கேட்டதில் அவருக்கு உண்மையான சந்தோஷம். சுவரோரம் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த அடுக்கைக் காட்டினார். "தீர்த்துவிட்டால் இறங்கிவிடும். ஆகவே கவனமாக இருக்கிறோம். உங்கள் மனுவினால்கூட அரை அங்குலம் ஏறியிருக்கிறது. அதற்கு நன்றி."

பிறகு தீர்ப்பு. சின்ன வகுப்புகளில் கற்பித்தல் எதுவும் நடைபெறவில்லை, நடைபெறுவது வளர்ச்சி, வளர்ச்சி இயற்கையின் துறை, இயற்கைக்குச் சம்பளம் கொடுக்க வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. மனு தள்ளுபடி. ஆறுதலாக ஒரு பதக்கம். அதில் 'அஸ்திவாரச் செம்மல்' என்று பொறித்திருந்தது. நீட்டினார்கள்.

டீச்சர் கை நீட்டவில்லை.

"பதக்கம் வேணாம் சார். இப்ப சொன்னீங்களே, நாங்க கத்துக்குடுக்கறதே இல்லன்னு, அதை மட்டும் எழுத்துல குடுங்க."

மேடை நெகிழ்ந்துவிட்டது. வாரியத்தின் சரித்திரத்தில் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கியவர் எவரும் இல்லை. திட்டிவிட்டுப் போவார்கள், அழுதுவிட்டுப் போவார்கள். இப்படி ஒரு பண்பை யாரும் பார்த்ததில்லை. தலைவர் தாமே எழுதச் சொல்லி, "நகரத்தின் முப்பத்து நான்கு சின்ன வகுப்புகளிலும்" என்ற வார்த்தைகளையும் தாராளமாகச் சேர்த்து, கையெழுத்துப் போட்டு, ஒன்றுக்கு மூன்றாக முத்திரை குத்தினார்.

கீழே ஆயா காத்திருந்தாள். "என்ன டீச்சர் குடுத்தாங்க?"

"நாம ஒண்ணுமே கத்துக்குடுக்கலையாம். முத்திரை போட்டுக் குடுத்திருக்காங்க."

"அதுக்கா இந்தச் சிரிப்பு? வெயில்ல ஏறி இறங்கினதுல ஏதாவது ஆயிடுச்சா?"

"ஆயா, வருஷக் கடைசியில ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டுல கையெழுத்துப் போடறேனே, அதுல என்ன எழுதியிருக்கும்?"

ஆயாவுக்கு அது மனப்பாடம். தயார்நிலைச் சீட்டு. 'இக்குழந்தை ஒன்றாம் வகுப்புக்குரிய யாவற்றையும் கற்றுத் தயாராக உள்ளது என உறுதியளிக்கிறேன்.' அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தப் பெரிய பள்ளியும் ஒரு பிள்ளையையும் வாங்காது. சொல்லி முடிக்கும்போதே ஆயாவின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அவள் வாய் பேச்சில்லாமல் திறந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"கத்துக்குடுக்காத ஒருத்தி, கத்துக்கிட்டாங்கன்னு எப்படி ஆயா எழுதிக் குடுக்கறது? பொய்ச் சான்று ஆயிடாதா?"

அன்று சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள். மேனேஜர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வரல சார். வேற ஆளைப் பாத்துக்குங்க."

"அங்க சம்பளம் ஏத்திக் குடுத்துட்டாங்களா?"

"இல்ல. இனிமேத்தான் குடுக்கப்போறாங்க."

வீட்டில் மெக்கானிக் விஷயத்தைக் கேட்டான். கையில் இருந்ததையும் விட்டாயா, வரவேண்டியதும் வரவில்லையா, இதுதான் அவன் முகத்தில் இருந்தது. அந்த முத்திரைக் காகிதத்தை இரண்டு தடவை படித்தான். மூன்றாம் தடவை படிக்கும்போது மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

"எத்தனை நகல் எடுக்கணும்?" என்றான்.

முப்பத்து நாலு. மற்ற முப்பத்து மூன்று சின்ன டீச்சர்களையும் அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள், பாதிப் பேரைப் போனில் பிடித்தாள். ஒருத்திதான் பயந்தாள். "வேலை போயிடுமே அக்கா."

"எந்த வேலை? நாம வேலை செய்யறதாவே அவங்க ஒத்துக்கலையே."

வருஷம் முடிந்தது. நகரம் முழுக்க முன்னூற்றுச் சொச்சம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். ஒரு சீட்டிலும் கையெழுத்து இல்லை. ஒவ்வொரு வகுப்பின் சீட்டுக் கட்டோடும் வாரியத் தலைவரின் காகிதத்தின் நகல் குத்தியிருந்தது. பெற்றோர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள். காகிதத்தைப் படித்த பிறகு சண்டையை ஏழாவது மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், லிஃப்டுக்கு மனு செய்யாமலே.

வாரியம் அசையவில்லை. அங்கே அசைவதற்கும் ஒரு படிவம் உண்டு. கற்பித்தலே நடக்காத வகுப்பின் சீட்டு எதற்கு என்று அவசரச் சுற்றறிக்கை ஒன்று வெளியிட்டது: எந்த வகுப்புக்கும் போயிராத பிள்ளைகளை நேரடியாகச் சேர்க்கலாம், இயற்கை அவர்களையும் வளர்த்திருக்கும். சீட்டு மறுக்கப்பட்ட பிள்ளைகள் மட்டும் விசாரணை முடியும் வரை இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அப்படியாக அக்காவின் வகுப்புக்கு நாற்பது பேர் வந்தார்கள். ஐந்து வயது வரை வீட்டு வாசலே உலகமாக இருந்த நாற்பது பேர்.

நாலாம் நாள் சாயங்காலம் அக்கா தங்கையின் வீட்டுக்கு வந்தாள். பேச்சு வரவில்லை. தொண்டை நிஜமாகவே கட்டியிருந்தது. புடவைத் தலைப்பில் பென்சில் கிறுக்கல், முன்கையில் இரண்டு வரிசைப் பல் தடம்.

"உக்காருன்னா ஓடுதுங்கடி" என்றாள் கிசுகிசுப்பாக. "ஒண்ணு பேசினா நாப்பதும் பேசுது. பென்சிலைக் குடுத்தா மூக்குல விடுது. ஒருத்தன் மூணு நாளா ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு அழறான், வாயைத் திறந்து என்ன வேணும்னு சொல்லத் தெரியல. நான் இன்னும் முதல் பக்கத்தையே திறக்கல."

"விளையாட்டுக் காட்டிப் பாரேன்."

அக்கா தலைப்பில் இருந்த கிறுக்கலைத் தேய்த்துப் பார்த்தாள். "இருபது வருஷமா நான்தான் பாடம் நடத்தறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்டி. நீ உக்காரவச்சு அனுப்பினதுங்களுக்கு நான் புத்தகத்தைத் திறந்து காட்டியிருக்கேன், அவ்வளவுதான்."

தங்கை சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள், கொப்பளிக்க. சொல்ல வேண்டியதை அந்தப் பல் தடம் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அளவீட்டு அதிகாரி வழக்கமான ஆண்டு அளவீட்டுக்காக ஒன்றாம் வகுப்புகளுக்குப் போனார். நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் பெஞ்சுக்கு அடியில். இருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும் என்பது விதி. குனிந்து குனிந்து அளந்ததில் சராசரி அறுபத்திரண்டு சென்டிமீட்டர். எல்லாப் பெரிய பள்ளிகளிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரே நாளில் நகரத்தின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் அத்தனை பேரும் கோட்டுக்குக் கீழே அச்சகத்தின் விலாசத்தில் போய் விழுந்தார்கள். அக்காவின் மாடிக் கடன் தவணைக்கே ஆபத்து. ஒன்றாம் வகுப்பு இல்லையென்றால் இரண்டாம் வகுப்பு எங்கிருந்து வரும் என்று இரண்டாம் வகுப்புக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்வி ஒவ்வொரு படியாக ஏறிக் கடைசியில் பேராசிரியர்களின் கழுத்தையே எட்டிவிட்டது.

போகாமல் தங்கிவிட்ட ஒன்பது பேரோடு சின்ன டீச்சரின் வகுப்பு மட்டும் ஒரு மீட்டரும் இரண்டு சென்டிமீட்டருமாக நிமிர்ந்து நின்றது.

தலைவரே நேரில் வந்தார். வகுப்பில் இருந்தவை சின்ன நாற்காலிகள்தாம். ஆயா அதில் ஒன்றை எடுத்துப் போட்டாள், துடைக்காமல். தலைவர் உட்கார்ந்தபோது முழங்கால் தாடையைத் தொட்டது.

"உங்களை ஆசிரியர் என்று அறிவித்து உத்தரவு கொண்டு வந்திருக்கிறேன்" என்றார். "சிறப்பு நிகழ்வாக. உங்களுக்கு மட்டும்."

"முப்பத்து நாலு டீச்சர் இருக்கோம் சார்."

"படிப்படியாகப் பார்க்கலாம்."

"முப்பத்து நாலு ஆயாவும் இருக்காங்க."

"ஆயாவா? அவர்களை எடுத்துவிட்டால் சாமான் பட்டியலில் வாளிக்கும் துடைப்பத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடுமே?"

"அந்த இடத்துல நீங்க வந்து நில்லுங்க" என்றாள் ஆயா. "கச்சிதமா இருக்கும்."

தலைவர் எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைக் கழற்றிவிட்டது கடிச்சான். கழற்றும்போது அவன் தலைவரின் கையைப் பார்த்த பார்வையை ஆயா மட்டும் கவனித்தாள். அன்றைக்கு அவன் தவறியிருந்தாலும் மன்னித்திருப்பேன் என்று பிற்பாடு தெருவில் சொன்னாள். அவன் தவறவில்லை.

மறுநாள் தலைவர் மறுபடியும் வந்தார். கையில் பதினாலு பக்கத்துக்கு உத்தரவு. அறுபத்தெட்டுப் பேரின் பெயரும் இருக்கிறது என்றார். இன்னொரு கையில் தயார்நிலைச் சீட்டுகளின் கட்டு.

"இவ்வளவு பெரிய உத்தரவு நாங்கள் போட்டதே இல்லை. நீங்கள் இப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளைக் காலையில் பிள்ளைகள் போய்விடலாம். ஒன்பது கையெழுத்துதானே அம்மா?"

டீச்சர் அவர் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டாள். சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, உத்தரவின் முதல் பக்கத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"படிப்பதற்கு என்ன இருக்கிறது? அதுதான் கையில் கொடுத்துவிட்டேனே."

"கையில குடுத்ததை உடனே வாயில போடக் கூடாதுங்கறதுதான் சார் இங்க முதல் பாடம்."

பிள்ளைகள் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டார்கள். டீச்சர் எதையாவது விரித்தால் அது கதை என்று அவர்களுக்குத் தெரியும். அவளும் உரக்கவே படித்தாள். பதினோராவது வரியில் நின்றாள். 'இவ்வுத்தரவு, மேற்படி வகுப்புகளின் ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே ஒரு மீட்டர் உயரத்தைக் கடந்த நாள் முதல் நடைமுறைக்கு வரும்.'

அவள் அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். அழுத்தமாக, ஆனால் கிழியாமல். பென்சில் பிடிக்கப் பழக்குகிறவள் கை. காகிதத்தையும் பேனாவையும் தலைவரிடம் நீட்டினாள்.

"அடிச்சதுக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்து."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். உதவிக்கு வர அங்கே ஒரு மேடையும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

"ஏன் தப்பா எழுதினீங்க?" என்றாள் ஏன் பாப்பா, அவர் முழங்காலருகே நின்று.

மூன்று மாநாடுகளில் பேசியவருக்குப் பதில் வரவில்லை. டீச்சர் அவருக்காகக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள், பேசத் திணறுகிற எந்தப் பிள்ளைக்கும் பொறுப்பதைப் போல. பிறகு இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள்.